21 மில்லிமீட்டர்

ஈயச் செங்கலை முதன்முதலாகத் தூக்கியபோது என் கை ஏமாந்துபோனது. 5 செ.மீ., 10 செ.மீ., 20 செ.மீ.; வீடு கட்டுகிற சுடுசெங்கலைவிடச் சின்னது. ஆனால் 11 கிலோவுக்கு மேல். ஒற்றைக் கையால் எடுக்கப் போனவள் இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக மேசையில் வைத்தேன். வெளியிலிருந்து வரும் கதிர்வீச்சைத் தடுக்க அப்படிப்பட்ட கற்களை அடுக்கிக் கட்டிய ஒரு சதுரக் கிணறு அந்த ஆய்வகத்தின் மூலையில் நின்றது. உள்பக்கம் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. அதன் நடுவில் கதிர்வீச்சை எண்ணுகிற ஒரு டிடெக்டர் நிற்க வேண்டும். அதற்கு ஒரு தாங்கி செய்து தர முடியுமா என்று கேட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், குழித்துறைப் பக்கம் அண்ணனின் ரப்பர் ஷீட் கடைக்கு மேல்மாடியில் நான் த்ரீடி பிரிண்டர் வைத்துத் தொழில் செய்கிறேன். பெரும்பாலும் மிக்ஸி மூடி, தையல் மெஷின் பல்சக்கரம், பள்ளிக்கூட மாதிரிகள், கோயில் திருவிழாவுக்கும் தேவாலயத் திருநாளுக்கும் கேடயங்கள். ஆய்வக வேலை எப்போதாவது வரும். இது களியக்காவிளை தாண்டி, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு கல்லூரியிலிருந்து வந்தது. பேராசிரியர் மலையாளம் பேசுவார், ஆய்வக உதவியாளர் தம்பி கொல்லங்கோட்டுக்காரர், நான் இரண்டுக்கும் நடுவில். எங்கள் ஊரில் இது புதிதில்லை. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் இந்த இரண்டு பக்கமும் ஒரே திருவிதாங்கூர் மண்தானே.

அவர்கள் அளப்பது கடற்கரை மண்ணை. எங்கள் கடற்கரையில் கருமணல் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதில் இருக்கும் மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். அந்தத் தோரியம் அப்போது விளக்கு மேண்டிலுக்குப் போனது. கல்யாண வீடுகளில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலைப்பை நினைவிருக்கிறதா, அதைத் தோரியம் சேர்த்துத்தான் பல காலம் செய்தார்கள். மணவாளக்குறிச்சியில் இன்றும் அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல்.லின் மணல் ஆலை நடக்கிறது. மோனசைட்டைத் தனியாகப் பிரிப்பது அணுசக்திச் சட்டத்துக்குள் வரும் விஷயம், அதை யாரும் இஷ்டத்துக்குச் செய்ய முடியாது. இந்த ஆய்வகம் செய்வது வேறு: மணலை மணலாகவே ஒரு டப்பாவில் அடைத்து, அதிலிருந்து வரும் காமாக் கதிரை எண்ணுவது.

என் அம்மா பிறந்த வீடு குளச்சலுக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி. அங்கே யாருக்காவது கேன்சர் என்றால் முதலில் வருவது மணலைப் பற்றிய பேச்சு. மணலில் எவ்வளவு இருக்கிறது, எந்த முற்றத்தில் எவ்வளவு என்று கேட்டால் சொல்ல ஆள் கிடையாது. அதனால் இந்த வேலையைக் கையில் எடுத்தபோது அதை மிக்ஸி மூடி மாதிரி என்னால் பார்க்க முடியவில்லை.

டிடெக்டரைப் பற்றி. சோடியம் அயோடைடில் கொஞ்சம் தாலியம் கலந்து வளர்த்த படிகம், 2 அங்குல விட்டம், 2 அங்குல உயரம். காமாக் கதிர் விழுந்தால் அது மினுங்கும். அடியில் ஒட்டியிருக்கிற ஒளிப்பெருக்கிக் குழாய் அந்த மினுக்கத்தை மின்துடிப்பாக்கும். படிகம் ஈரத்தைக் குடித்துக் கெட்டுப்போகும் வகை என்பதால் அலுமினிய உறைக்குள் காற்றுப் புகாமல் அடைத்திருப்பார்கள். உறையோடு வெர்னியரில் வைத்தபோது 58 மி.மீ. வந்தது. கிணற்றின் அகலம் 100. மீதி 42. நடுவில் வைத்தால் ஒவ்வொரு பக்கமும் 21 மி.மீ.

அதற்கு முன் அவர்கள் வைத்திருந்தது அட்டைச் சுருளும் தெர்மோகோல் துண்டுகளும். டிடெக்டர் முகம் மேலே பார்க்க நிற்கும், அதன் தலையில் மணல் டப்பா உட்காரும். டப்பாவை எடுக்கும்போதெல்லாம் தெர்மோகோல் நசுங்கும், டிடெக்டர் ஒரு பக்கம் சாயும். தம்பி ஒவ்வொரு தடவையும் குனிந்து கண்ணால் பார்த்து நிமிர்த்துவார்.

இது ஏன் பெரிய விஷயம் என்று பேராசிரியர் ஒரு தாளில் போட்டுக் காட்டினார். கதிர்மூலம் ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டால், தூரம் கூடக்கூட எண்ணிக்கை தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகக் குறையும். 20 மி.மீ.யில் இருப்பது 21-க்குப் போனால் 9 சதவீதம் போச்சு. நிஜத்தில் டப்பாவும் படிகமும் புள்ளிகள் இல்லை, அதனால் இழப்பு அந்த அளவு இருக்காது. ஆனாலும் ஒரு மில்லிமீட்டர் சும்மா இல்லை. 10,000 எண்ணிக்கை எடுத்தால் இயற்கையாகவே அதன் வர்க்கமூலமான 100 அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும், அதை யாராலும் தடுக்க முடியாது. ஒரே கதிர்மூலத்தை எடுத்து எடுத்து வைத்துப் பத்து தடவை எண்ணினால் அவர்களுக்கு வந்த வித்தியாசம் அதைவிடப் பல மடங்கு. மிச்சமெல்லாம் தெர்மோகோலின் கணக்கு.

அன்றைக்குத்தான் எனக்கு வேலை என்னவென்று விளங்கியது. டிடெக்டரைக் கீழே விழாமல் பிடிக்க ஒரு பொருள் வேண்டாம் இவர்களுக்கு. எத்தனை தடவை எடுத்தாலும் அதே இடத்துக்குத் திரும்பி வருகிற ஒன்று வேண்டும்.

முதல் தாங்கியை நான் தப்பாகச் செய்தேன். டிடெக்டரை அளந்தேன், கிணற்றை மேல்விளிம்பில் அளந்தேன், இரண்டுக்கும் நடுவே சரியாக அடைகிற மாதிரி ஒரு சட்டம் வரைந்தேன். ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருளில் பார்க்க அழகாக இருந்தது. கொண்டுபோய் இறக்கினால் பாதியில் சிக்கிக்கொண்டது. ஈயம் மெத்தென்ற உலோகம். நகத்தால் கீறினாலே தடம் விழும். அடுக்கும்போது முனைகள் நசுங்கியிருக்கும், ஒரு கல் உள்ளே தள்ளியிருக்கும், மறு கல் வெளியே நிற்கும். விளக்கைப் பிடித்து ஒவ்வொரு அடுக்காக அளந்தால் ஓரிடத்தில் 97, ஓரிடத்தில் 101. நான் பொருளை அளந்துவிட்டேன், வெற்றிடத்தை அளக்கவில்லை. இந்தத் தொழிலில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இப்போது இதுதான்: இடுக்கில் வைக்கப்போகிற பொருளுக்கு வெற்றிடம்தான் அச்சு. அட்டையை வெட்டி உள்ளே இறக்கிப் பாருங்கள். மேலே, நடுவே, அடியில் மூன்று இடத்திலும் அளந்து எழுதுங்கள். ஒயர் வளைகிற இடத்தையும் சேர்த்து அளங்கள்.

ஒயர் என்றதும் சொல்ல வேண்டியது. டிடெக்டரின் அடியிலிருந்து உயர் மின்னழுத்தத்துக்கு ஒன்று, துடிப்புக்கு ஒன்று என இரண்டு கோஆக்சியல் ஒயர்கள் வரும். 5 மி.மீ. தடிமன் உள்ள ஒயரை அதன் ஐந்து மடங்கு ஆரத்துக்குக் குறைவாக மடக்கக் கூடாது, உள்ளிருக்கும் பின்னல் கெடும். கனெக்டரின் நீளமும் வளைவும் சேர்ந்தால் தரையிலிருந்து கணிசமான உயரம் போய்விடும். நான் படத்தில் டிடெக்டரை நேராகத் தரையில் நிறுத்தியிருந்தேன். அது நிற்க ஒரு முக்காலியும் செய்ய வேண்டும் என்று இரண்டாம் தடவை போனபோதுதான் புரிந்தது. ஒயர் வெளியேறும் ஓட்டையும் நேராக இருக்கக் கூடாதாம். நேரான வழி இருந்தால் வெளியிலிருந்து கதிர் அதே வழியாக உள்ளே வரும். ஒரு திருப்பம் வைக்க வேண்டும்.

அப்புறம் தம்பியின் கை. நான் வைத்த பூட்டுத் திருகைத் திருப்ப அவர் கையை உள்ளே விட்டார். விரல் கணுவோடு நின்றுவிட்டது.

"இதுக்குள்ள என் கை கொள்ளாதுக்கா."

என் கை கொண்டது. நான் வரைந்தபோது என் கையை மட்டுமே நினைத்திருந்தேன். தினமும் அதைத் திறந்து மூடப்போவது நான் இல்லை. ஈயத்தை வெறுங்கையால் தொடக் கூடாது என்று அவர் கையுறையும் போட்டிருந்தார். அந்த 21 மில்லிமீட்டருக்குள் ஒரு ஆணின் விரல், அதன்மேல் ரப்பர் உறை, அதோடு ஒரு திருகின் தலை. அதை எந்த மென்பொருளும் எனக்குக் காட்டவில்லை.

அன்று ராத்திரி அப்பாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டினவர். விடிவதற்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். ரப்பர் மரத்தில் சிரட்டை எப்படி நிற்கும் என்று பார்த்திருப்பீர்கள். ஒரு கம்பி வளையத்தில் சிரட்டை உட்காரும், அந்த வளையத்தை மரத்தைச் சுற்றின ஒரு சுருள்கம்பி பிடித்திருக்கும். மரம் ஒவ்வொன்றும் ஒரு பருமன், பட்டை கரடுமுரடு, ஆனால் சிரட்டை எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நிற்கும்.

"மரத்த இறுக்கிக் கெட்டப்பிடாது மக்ளே. அது வளரும் பாத்துக்க. கம்பி குடுத்துக் குடுத்துப் போணும்" என்றார்.

அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. நான் நான்கு பக்கமும் இறுக்க நினைத்தேன். சுவர் நேராக இல்லாத இடத்தில் நான்கு பக்கமும் இறுக்கினால் எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று தெரியாது. சதுரக் கிணற்றில் பக்கத்துப் பக்கத்துச் சுவர் இரண்டு போதும். அந்த மூலைக்குள் தாங்கியின் கெட்டியான கால்கள் போய் ஒட்டட்டும். எதிர் மூலையிலிருந்து வளைகிற கைகள் இரண்டு அதை அந்த மூலைக்குள் தள்ளிக்கொண்டே இருக்கட்டும். 97 ஆனாலும் 101 ஆனாலும் கைகள் வளைந்துகொள்ளும். கெட்டியான கால்கள் சுவரைத் தொடுகிற புள்ளிகள் மாறாது. ஃபிட்டர்கள் உருளையை வி-பிளாக்கில், அதாவது V வடிவப் பள்ளமுள்ள கட்டையில், வைப்பதும் இதே கணக்குத்தான், பாலிடெக்னிக்கில் படித்ததுதான். ஆனால் எனக்கு அது சிரட்டைக் கம்பி வழியாகத்தான் வந்தது.

இனி பொருள். முதலாவதை பிஎல்ஏ என்கிற பிளாஸ்டிக் இழையில் அடித்தேன். அச்சடிக்கச் சுலபம், ஆனால் 60 டிகிரியை நெருங்கும்போதே அது இளகத் தொடங்கிவிடும். மார்ச் மாத வெயிலில் நிறுத்தின கார் உள்ளே அந்தச் சூடு சாதாரணமாக வரும். அதைவிட மோசமானது வேறொன்று: தொடர்ந்து அழுத்தத்தில் இருந்தால் பிஎல்ஏ சூடு இல்லாமலே மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும். இன்றைக்கு இறுக்கிய வில் இரண்டு வாரத்தில் வில்லாக இருக்காது. தள்ளிக்கொண்டே இருக்க வேண்டிய கைகளுக்கு அது ஆகவே ஆகாது. பிஇடிஜி என்கிற வேறொரு பிளாஸ்டிக்குக்கு மாறினேன். 80 டிகிரி வரை தாங்கும், வளைந்து கொடுக்கும், முறியாது. அதற்கு ஒரே பிணக்கு ஈரம். எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வரும், வடகிழக்கும் வரும், இழை ரீலுக்குக் காய நேரமே கிடைக்காது. ஈர இழை, உருகி வெளிவருகிற முனையான நாசிலில் வெடிப்பு மாதிரிச் சத்தம் போடும், நூல்நூலாக இழுத்துக்கொண்டு வரும். 65 டிகிரியில் ஐந்து ஆறு மணி நேரம் காயவைத்துவிட்டுத்தான் அடித்தேன்.

நிறமில்லாத இழையைத்தான் வாங்கினேன். பேராசிரியர் கேட்டது அது. நிறத்துக்கும் மினுக்கத்துக்கும் என்ன தாதுப்பொடி சேர்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. கதிரை எண்ணுகிற இடத்தில் தெரியாத தாது எதற்கு? தாங்கியை மாட்டிய பிறகு டப்பா இல்லாமல் ஒரு நாள் முழுக்க எண்ணிப் பார்த்துத்தான் ஏற்றுக்கொண்டார். மூடி ஒட்டிக்கொள்ள நான் சின்னக் காந்தம் வைக்கலாம் என்றபோதும் தடுத்தார். ஒளிப்பெருக்கிக் குழாய்க்குள் பறக்கிற எலெக்ட்ரான்களைக் காந்தம் திருப்பிவிடும், துடிப்பின் உயரமே மாறிவிடும். அது எனக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்டு வாங்கிய இடங்கள் இந்த வேலையில் நிறைய.

வளைகிற கைகளில் ஒரு பாடம் படித்தேன். சட்டத்தோடு சேர்த்து நிமிர்த்தி அச்சடித்தபோது கைகள் பட்டென்று ஒடிந்தன. அடுக்குமேல் அடுக்காக ஒட்டி வளர்வதுதான் இந்த அச்சு. அடுக்குகளைப் பிரிக்கிற திசையில் இழுத்தால் அடுக்கிவைத்த சப்பாத்திகளை இழுத்த மாதிரிப் பிரியும். கைகளைத் தனியாகப் படுக்கவைத்து அச்சடித்தேன், இழைகள் கையின் நீளத்தோடு ஓடும்படி. பிறகு சட்டத்தில் பள்ளம் வைத்துச் செருகினேன். தடிமன் 1.6 மி.மீ. என் நாசில் 0.4, அதனால் நான்கு கோடு சரியாக உட்காரும், நடுவில் பொந்து விழாது. அதன்பின் ஒரு கையும் ஒடியவில்லை.

டிடெக்டரைக் கவ்வும் வளையத்துக்கு நான் கணக்கை நம்பவில்லை. அச்சில் வரும் துளை படத்தில் இருப்பதைவிட எப்போதும் கொஞ்சம் சின்னதாகத்தான் வரும். எவ்வளவு என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர், இழைக்கு இழை மாறும். 5 மி.மீ. உயரத்தில் நான்கு வளையம் அடித்தேன்: 58.2, 58.4, 58.6, 58.8. டிடெக்டரில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தோம். 58.4 இறங்கவில்லை. 58.6 தன் கனத்தில் மெதுவாக இறங்கி நின்றது. அரை மணி நேர அச்சு, பத்து மணி நேர அச்சைக் காப்பாற்றியது. வளையத்தின் உள்பக்கம் முழுக்கத் தொடாமல் மூன்று மேடுகள் மட்டும் வைத்தேன். அலுமினிய உறையை இறுக்கவும் கூடாது. உள்ளே இருப்பது உடைந்தால் ஒட்டவைக்க முடியாத படிகம்.

மிச்சம் தம்பியின் கை. கை உள்ளே போகவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டுக் கிணற்றில் யாரும் இறங்கித் தண்ணீர் எடுப்பதில்லை, வாளிதான் இறங்கும். மணல் டப்பாவுக்கு ஒரு வாளி செய்தேன். பிடி மேலே கிணற்றின் வாய்க்கு வெளியே நிற்கும். வாளியின் அடியில் மூன்று சரிவுக் குழிகள், டிடெக்டர் வளையத்தின் மேல்விளிம்பில் மூன்று குமிழ்கள். குழி குமிழில் உட்காரும்போது வாளி தானே நடுவுக்கு வந்துவிடும். அடித்தளம் 1 மி.மீ. அது எவ்வளவு கதிரைத் தின்னும் என்று பேராசிரியரிடம் கேட்டேன். சீசியம்-137-ன் 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள கதிரில் சுமார் ஒரு சதவீதம், அதற்கு மேற்பட்ட ஆற்றலில் இன்னும் குறைவு என்றார். ஒப்பிடப் பயன்படும் தரமாதிரியையும் இதே வாளியில் வைத்து எண்ணினால் அந்த ஒரு சதவீதமும் இரண்டு பக்கமும் கழிந்துவிடும்.

திருகுகள் வேண்டிய இரண்டே இடத்தில் எம்-3 பித்தளை நட்டுகளைச் சூட்டுக்கோலால் அழுத்தி இறக்கினேன். பிளாஸ்டிக்கில் நேராகத் திருகினால் ஐந்தாவது தடவை மரை போய்விடும்.

மாட்டின அன்றைக்குப் பத்து தடவை சோதனை செய்தோம். தம்பி வாளியை எடுப்பார், முழுக்க வெளியே கொண்டுவருவார், திரும்ப இறக்குவார், எண்ணுவோம். சாயங்காலம் வரை அதே வேலை. எண்களைப் பேராசிரியர் வரிசையாக எழுதினார். 10,000-ஐச் சுற்றி, பெரும்பாலும் நூறுக்குள், ஒன்றிரண்டு அதைத் தாண்டி. இயற்கை விட்டுவைத்த ஆட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து ஈயத்தின் உள்பக்கம் 1.5 மி.மீ. செம்புத் தகடு ஒட்டப்போவதாகச் சொன்னார்கள். காமாக் கதிர் பட்டு ஈயமே 75 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் பக்கம் எக்ஸ் கதிரை உமிழும், செம்பு அதைக் குறைக்கும். கிணறு 3 மி.மீ. சுருங்கியது. பழைய சட்டமாக இருந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். இதில் கைகள் இன்னும் கொஞ்சம் வளைந்தன, கெட்டிக் கால்களை மட்டும் 1.5 மி.மீ. சீவி மறுபடி அடித்தேன்.

முதல் மணல் டப்பா உள்ளே போன அன்று நானும் போயிருந்தேன். டப்பாவை ஒட்டி அடைத்துவிட்டு நான்கு வாரம் காத்திருந்தார்கள். யுரேனியம் படிப்படியாகச் சிதைகிற வரிசையில் வரும் ரேடான் வாயுவின் அரை ஆயுள் 3.8 நாள், அது உள்ளேயே தேங்கி அதன் பிள்ளைகளோடு, அதாவது அது சிதைந்து உண்டாகிறவற்றோடு, சமநிலைக்கு வர அவ்வளவு நாள் வேண்டும். ராத்திரி முழுக்க எண்ண விட்டு, காலையில் திரையைப் பார்த்தோம். 1461 கிலோ எலெக்ட்ரான் வோல்டில் பொட்டாசியம். 1764-ல் யுரேனிய வரிசையின் பிஸ்மத். வலது ஓரத்தில் 2614-ல், தோரிய வரிசையின் கடைசியில் வரும் தாலியம்-208, மற்ற எதுவும் எட்டாத ஆற்றலில் தனியாக ஒரு குன்று. என் அம்மா வீட்டு முற்றத்து மணலும் அந்த அலமாரியில் நான்காவது டப்பாவாக இருந்தது, அம்மாவே ஒரு கிண்ணத்தில் அள்ளிக் கொடுத்தது.

போன வாரம் தம்பி போன் பண்ணினார். பழைய டப்பா கடையில் கிடைக்கவில்லையாம், புதியது 65 மி.மீ.க்குப் பதில் 68. வாளி வேறு வேண்டும். கோப்பைத் திறந்து ஒரு எண்ணை மாற்றினேன். பிடியைக் கொஞ்சம் அகலப்படுத்தட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்க்கா, இப்ப ரெண்டு விரல்ல தூக்கியேன்" என்றார்.

ரீல் காய்ந்துகொண்டிருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு அச்சில் போடுவேன்.